தாட்சாயிணி நடத்திக் கொடுத்த படகுப் பந்தயம்

நொச்சியேரியில் பாய்ப்படகு விடப்போகிறார்கள் என்று ஜெபா வந்து சொன்னபோது தாட்சாயிணி நம்பவில்லை. அந்த ஏரியில் அவள் பார்த்திருந்ததெல்லாம் ஆகாயத்தாமரை, கோழிக்கடைக் கழிவு மூட்டைகள், கரைத்த பிள்ளையார் சிலைகளிலிருந்து மிஞ்சி மிதக்கும் மூங்கில் குச்சிகள். திருவேற்காட்டைத் தாண்டி மேற்கே வருகிற எவருக்கும் ஏரி கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் பட்டுவிடும்.

அந்த ஏரியின் தென்கரையில்தான் பதினான்கு மாடி அடுக்ககம் நின்றது. தாட்சாயிணி அங்கே நீச்சல்குளப் பொறுப்பாளர். நாற்பத்திரண்டு வயது. காலையில் பெண்களுக்கு நீச்சல் சொல்லித்தருவாள், மாலையில் குளத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்வாள். அவள் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம், பழைய ஊரில். கணவன் லோகநாதன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மகள்கள் இருவரும் வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரியில் படித்தார்கள்.

அவளுக்குப் பாய்ப்படகு விடத் தெரியும் என்பது அடுக்ககத்தில் அதுவரை யாருக்கும் தெரியாது. கல்லூரியில் படித்தபோது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் துறைமுகத்துக்குப் போவாள். அங்கேதான் பாயைக் கட்டவும் சுக்கானைப் பிடிக்கவும் காற்றைக் கன்னத்தில் வைத்துத் திசை சொல்லவும் கற்றாள். விசாகப்பட்டினம் முகாமில் மூன்றாவதாக வந்து பதக்கமும் வாங்கினாள். இருபத்திரண்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகு படகு என்ற பேச்சே அவள் வாழ்க்கையில் இல்லை. ஒருநாள் நீச்சல் வகுப்பு முடிந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது ஜெபாவிடம் மட்டும் பேச்சுவாக்கில் சொன்னாள்.

ஜெபா நாகர்கோவில்காரி. அம்பத்தூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் வேலை. முப்பத்தாறு வயதில், அதுவும் கடலுக்குப் பக்கத்து ஊரில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாமல் இருக்கிறோமே என்று வெட்கப்பட்டு வந்து சேர்ந்தவள். சொன்னதை அப்படியே கேட்கிற மாணவி. மூன்றே மாதத்தில் குளத்தை நான்கு முறை நிறுத்தாமல் கடக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். தாட்சாயிணி சொன்னதை அவள் ஸ்ரீநாத்திடம் சொல்ல, ஸ்ரீநாத் மறுநாளே குளத்துக்கு வந்தார்.

ஸ்ரீநாத் அடுக்ககச் சங்கத்தின் தலைவர். கோயம்புத்தூர்க்காரர். யாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், யார் சொல்வதையும் முழுதாகக் கேட்க மாட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கிளப்பிலிருந்து ஒருவர் மட்டும் ஏறுகிற ஆறு சின்னப் பாய்ப்படகுகளை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார். ஜனவரி கடைசி ஞாயிறு பந்தயம். போட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா ஜாலிக்கு. ஆட்கள் எல்லாரும் புதியவர்கள். தாட்சாயிணி அவர்களுக்கு நாலு நாள் சொல்லிக் கொடுத்து, அன்றைக்குப் பந்தயத்தையும் நடத்திக் கொடுக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் ஸ்ரீநாத்தின் கைபேசியில் அந்தப் படகுகளின் படம் இருந்தது. வெள்ளை உடம்பு, நீலக் கோடு, சுருட்டி வைத்த பாய். அதைப் பார்த்ததும் அவள் சரி என்றாள்.

பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் பயிற்சி நாளில் பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி டி-ஷர்ட்டில் வந்து நின்றார்கள். முடிச்சு ஒன்றுகூடப் போடத் தெரியாதவர்களின் முதுகில் 'கேப்டன்' என்று அச்சடித்திருந்தது. பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடி. ஒருவர் குட்டி விமானம் போல ஒன்றைப் பறக்கவிட்டு மேலேயிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். லைஃப் ஜாக்கெட்டை எடுத்து நீட்டியபோது, போட்டால் டி-ஷர்ட் மறைந்துவிடுமே என்று கேட்டார் ஒருவர்.

"சார், அது உங்க இஷ்டம்தான். உள்ள போயிட்டீங்கன்னா நாங்க தேடறப்போ மேல மெதக்கறது அது ஒண்ணுதான்" என்றாள் தாட்சாயிணி.

அவர் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

புதிதாகப் பந்தயத்துக்கு வருகிறவனுக்குத் துறைமுகத்தில் என்ன சொல்லித் தந்தார்களோ அதையே அவள் புல்வெளியில் படகை வைத்துக்கொண்டு சொன்னாள். பாயின் அடியில் குறுக்கே ஒரு அலுமினியக் குழாய் உண்டு, அதற்குப் பூம் என்று பெயர், படகு திரும்புகிறபோது அது வீசும், தலையைக் குனியாவிட்டால் மண்டையைப் பெயர்க்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும். பயம் வந்தால் சுக்கானைப் பிடித்து இழுக்காதே, பாயின் கயிற்றை விட்டுவிடு, படகு தானாக அடங்கும். கிளம்புகிற கோட்டில் எல்லாரும் முண்டுவார்கள், நீ முண்டாதே. பத்து நொடி பின்தங்கினாலும் யாரும் இல்லாத தண்ணீரில், கலங்காத காற்றில் போகிறவன் கடைசியில் முன்னால் வருவான். இரண்டு படகு குறுக்கே சந்தித்தால் காற்று வலது தோளில் படுகிறவனுக்கு உரிமை, இடது தோளில் படுகிறவன் ஒதுங்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாதே, பிடித்துக்கொண்டே இரு. எல்லாவற்றுக்கும் மேலே, எவனாவது தண்ணீரில் ஆபத்தில் இருப்பதைப் பார்த்தால் பந்தயத்தை விட்டுவிட்டு அவனிடம் போ.

ஜெபா ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள். ஸ்ரீநாத் இதையெல்லாம் வீடியோவில் ஏற்கெனவே பார்த்துவிட்டதாகச் சொல்லி, ஜெயிப்பதற்கு என்ன ட்ரிக் என்று கேட்டார்.

"ட்ரிக்கு ஒண்ணும் இல்ல சார். கரைக்கு முழுசா வந்து சேர்றதுதான்."

அதற்கும் சிரித்தார்கள்.

தண்ணீரில் இறங்கியபோதுதான் சிரிப்பு நின்றது. கரையோரம் முழங்கால் அளவுக்குக் கறுப்புச் சேறு. கால் வைத்த இடத்திலிருந்து குமிழிகள் கிளம்பி உடைந்தன. ஒவ்வொரு குமிழியிலிருந்தும் அழுகிய முட்டை நாற்றம். படகைத் தள்ளியபோது பக்கத்தில் ஒரு குழந்தையின் டயப்பர் ஊதி மிதந்து வந்து ஒரு பெண்ணின் தொடையில் ஒட்டியது. கத்திக்கொண்டு கரையேறியவள் திரும்ப இறங்கவில்லை. அந்த வாரமே நான்கு பேர் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னும் ஒருவர் உடம்பெல்லாம் தடித்து விலகினார். கடைசியில் ஸ்ரீநாத், ஜெபா, மற்றும் நான்கு ஆண்கள் என்று ஆறு பேர்தான் மிஞ்சினார்கள். படகும் ஆறு என்பதால் ஸ்ரீநாத்துக்கு அதில் வருத்தம் இல்லை.

தாட்சாயிணி பிறந்து வளர்ந்தது இந்த ஏரிக்கரையில்தான். நாற்றம் அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் தென்மேற்கு மூலையில், அடுக்ககத்தின் சுற்றுச்சுவர் முடிகிற இடத்தில் வருகிற நாற்றம் வேறாக இருந்தது. அங்கே ஆகாயத்தாமரை ஆள் உயரத்துக்குக் கொழுத்து நின்றது. அதன் நடுவே சாம்பல் நிறத்தில் நுரை. சோப்பு நுரை என்று அவள் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அது என்னவென்று தேவராஜ்தான் சொன்னான். தேவராஜ் அவளுடைய சித்தி மகன். அடுக்ககத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நிலையத்தில், எல்லாரும் எஸ்.டி.பி. என்று சொல்கிற இடத்தில், அவன் ஆபரேட்டர். இரண்டாவது வாரப் பயிற்சி முடிந்து அவள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்த மூலப்பக்கம் படகு உடாத. சொல்லிட்டேன்."

"ஏன், இன்னா கீது அங்க?"

"மோட்டார் எரிஞ்சி ஆறு மாசம் ஆவுது. பிளாண்ட் ஓடல. தொட்டி ரொம்பினா பைபாஸ தொறந்து உடுன்னு கமிட்டில சொல்லிட்டாங்க. நானூறு ஊட்டு கக்கூஸ் தண்ணி நேரா அங்கதான் போவுது."

யார் சொன்னது என்று அவள் கேட்டாள். கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும் என்றான் அவன். ஸ்ரீநாத் சார்தான் கையெழுத்துப் போட்டார்.

தாட்சாயிணி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு வாரமாக அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்றிருக்கிறாள். அதே கையால் வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்து தின்றிருக்கிறாள். குழாயடியிலேயே இன்னொரு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு ஈரக்காலோடு நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனாள்.

ஸ்ரீநாத் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, காப்பி கொண்டுவரச் சொல்லி, பொறுமையாகப் பேசினார்.

"எனக்குத் தெரியாமயாங்க இருக்கும். பிப்ரவரியில மோட்டார் மாத்திடறோம். இப்பப் போய் இதைக் கிளப்புனீங்கன்னா ஒருத்தரும் தண்ணிக்குள்ள இறங்க மாட்டாங்க. பந்தயமே போயிரும். நீங்கதானுங்க ரேஸ் ஆபீசர். பேனர்ல உங்க பேருதான் முதல்ல வருது."

பேனரின் மாதிரியை எடுத்துக் காட்டினார். உண்மையாகவே அவள் பெயர் மேலே இருந்தது. 'முன்னாள் தேசியப் பதக்க வீராங்கனை' என்று அதன் கீழே. படகுகள் சுற்றித் திரும்புகிற அடையாள மிதவைகளை அந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் முடிவு என்றார்.

அவள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்துகொண்டுதான் கரைப்பக்கம் நடந்தாள். படகுகள் புல்வெளியில் கிடந்தன. வடகிழக்குக் காற்று சீராக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு படகின் பாயை மட்டும் அவிழ்த்துக் காயவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அவிழ்த்ததும் பாய் படபடவென்று அடித்தது. ஐந்து நிமிடத்தில் அவள் தண்ணீரில் இருந்தாள்.

இருபது வருடம் கழித்துத் தனியாக ஒரு படகு. கயிற்றை இழுத்ததும் படகு சாய்ந்து எழுந்து, அடியில் தண்ணீர் பேச ஆரம்பித்தது. நடு ஏரியில் நாற்றம் குறைவு. அவள் வடகரை வரை போய்த் திரும்பி, மறுபடி போனாள். பொழுது சாயும்வரை விட்டுக்கொண்டிருந்தாள். கரையேறியபோது வேலையை விடுவது என்ற எண்ணம் இல்லை. லோகநாதனிடமும் சொல்லவில்லை. அவன் சொன்னது ஒன்றுதான்.

"இன்னா தாட்சா, இப்பல்லாம் ஊட்டுக்கு வந்தா செப்டிக் டாங்கு லாரி மாரி வாசன வருது உம்மேல."

அதற்கடுத்த பயிற்சியில் ஜெபா படகைத் தள்ளுவதற்கு முன் நின்று கேட்டாள். "அக்கா, இந்தத் தண்ணி பரவாயில்லையா? உடம்புக்கு ஒண்ணும் செய்யாதில்லா?"

"வாய மூடிக்கோ, முழுங்காத. கரையேறி நல்லா குளி. அவ்ளோதான்" என்றாள் தாட்சாயிணி.

ஜெபா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பந்தயத்தன்று காலை புல்வெளியில் பந்தல் போட்டிருந்தார்கள். பாட்டு அலறியது. சிறப்பு விருந்தினராக யாரோ ஒரு கட்டுமான நிறுவனத்துக்காரர். வருகிறவர்களுக்கு நாற்றம் தெரியாமலிருக்கப் பந்தலின் நாலு மூலையிலும் சாம்பிராணி புகைந்தது. மேலே ரோஜா வாசனை சென்ட்டை அடித்திருந்தார்கள். எல்லாம் சேர்ந்து, பிணம் கிடக்கிற வீட்டில் மணக்குமே, அப்படி ஒரு வாடை. பிளாஸ்டிக் டம்ளரில் ஜூஸ் குடித்தவர்கள் குடித்த கையோடு டம்ளரை ஏரிக்குள் எறிந்தார்கள்.

தாட்சாயிணி காவல் படகில் ஏறி மிதவைகளைப் பார்க்கப் போனாள். வாடகைக்கு வந்த மோட்டார் படகு அது, ஓட்டுகிறவர் கிளப்பிலிருந்து வந்தவர். பாதி வழியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசித் திருப்பத்துக்கான மிதவை அவள் முந்தின நாள் போட்ட இடத்தில் இல்லை. யாரோ அதைக் கரைக்குக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தென்மேற்கு மூலையிலிருந்து நாற்பது மீட்டர்கூட இருக்காது.

திரும்பி வந்து ஸ்ரீநாத்தைக் கேட்டாள். பந்தலிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் திருப்பம் தெளிவாகத் தெரிய வேண்டும், படமும் நன்றாக வரும் என்றார். காற்று அந்த மூலைக்குத்தான் தள்ளுகிறது, அங்கே ஒருவர் கவிழ்ந்தால் நேராக அதற்குள்தான் போவார் என்று அவள் சொன்னாள். யாரும் கவிழாமல் பார்த்துக்கொள்ளத்தானே நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் விருந்தினரை வரவேற்கப் போனார்.

மிதவையை மறுபடி நகர்த்தக் கால் மணி நேரம் போதும். அவள் நகர்த்தவில்லை. ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். அவள் காவல் படகில் ஏறி விசிலை ஊதினாள்.

கிளம்புகிற கோட்டில் அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஐந்து படகுகளும் ஒரே இடத்தில் முண்டி, ஒன்றன் பாய் ஒன்றில் சிக்கி, ஓட்டியவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கத்தினார்கள். 'கேப்டன்'களில் ஒருவர் தலையைக் குனிய மறந்து பூம் குழாயிடம் அடி வாங்கினார். ஜெபா மட்டும் தள்ளி நின்று, எல்லாரும் பிரிந்தபிறகு, காலியாகக் கிடந்த இடது பக்கமாகக் கிளம்பினாள். வடகரை மிதவையைச் சுற்றும்போது அவள் இரண்டாவது. திரும்பி வருகிறபோது, காற்று பின்னாலிருந்து தள்ள, ஸ்ரீநாத்தை நெருங்கிக்கொண்டே வந்தாள். படகில் அவள் முதுகு நிமிர்ந்து இருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த தாட்சாயிணிக்கு நெஞ்சு விம்மியது.

கடைசி மிதவையில் இருவரும் சந்தித்தார்கள். காற்று ஜெபாவின் வலது தோளில். உரிமை அவளுடையது. விதிப்படி ஸ்ரீநாத் ஒதுங்க வேண்டும். ஜெபா குரல் கொடுத்தாள். அவர் பந்தலைப் பார்த்துக்கொண்டே நேராக வந்தார். அவர் படகின் மூக்கு ஜெபாவின் படகை நடுவில் இடித்தது, பாய் வீசித் திரும்பியது, ஜெபாவின் படகு அப்படியே கவிழ்ந்தது.

ஸ்ரீநாத் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அதைத் தாட்சாயிணி தெளிவாகப் பார்த்தாள். பிறகு அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கிப் போனார். பின்னால் வந்த நான்கு படகுகளும் ஜெபாவைத் தாண்டியே போயின. அதில் ஒருவர் கையை உயர்த்தி, ஓகேவா என்று சைகை காட்டினார்.

ஜெபா கற்றுக்கொண்டதைச் செய்தாள். படகை விடவில்லை. அதன் அடிப்பலகையில் ஏறி நிமிர்த்தப் பார்த்தாள். ஏரி அங்கே ஆழமில்லாததால் பாய்மரத்தின் முனை சேற்றில் குத்திக்கொண்டது, படகு நிமிரவில்லை. காற்று அவளையும் படகையும் சேர்த்து ஆகாயத்தாமரைக்குள் தள்ளியது. கால் வேரில் சிக்கியது. லைஃப் ஜாக்கெட் மேலே இழுத்தது, வேர் கீழே இழுத்தது. சாம்பல் நுரை அவள் தாடையைத் தொட்டது.

ஜெபாவை நோக்கிப் பாய்ந்த காவல் படகு பாதி தூரத்தில் நின்றுவிட்டது. மோட்டாரின் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டது. ஓட்டுகிறவர் கத்தியைத் தேடினார். தாட்சாயிணி குதித்துவிட்டாள்.

அது நீச்சல் என்று சொல்ல முடியாது. கையை வீசினால் கையில் வந்து மாட்டியதெல்லாம் வழவழவென்று இருந்தது. முடி, நாப்கின், கோழிச் சிறகு, பெயர் சொல்ல வேண்டாத மற்றவை. மூச்சு வாங்க வாயைத் திறந்தபோது ஒரு வாய் உள்ளே போயிற்று. அந்த ருசி என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. வாந்தியெடுத்துக்கொண்டே போனாள். ஜெபாவைத் தொட்டதும் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, மறு கையால் காலைச் சுற்றிய வேரைப் பிய்த்தாள். ஜெபாவின் கண் மூக்கெல்லாம் சேறு. அவளும் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மேல் ஒருவர் வாந்தியெடுத்தபடி இருவரும் சுற்றுச்சுவர் ஓரமாகக் கரையேறினார்கள். அங்கேதான் தேவராஜ் சொன்ன பைபாஸ் குழாய் இருந்தது. ஒரு ஆள் தலை நுழைகிற அகலம். அதிலிருந்து கொழகொழவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

தேவராஜ் ஓடிவந்து ஜெபாவைக் குளியலறைக்கு அழைத்துப் போனான். தாட்சாயிணி பந்தலை நோக்கி நடந்தாள். பரிசளிப்பு தொடங்கியிருந்தது. ஸ்ரீநாத் கையில் கோப்பை. அவள் வருவதைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாத தொகுப்பாளர், கையிலிருந்த அட்டையில் எழுதியிருந்தபடியே, இப்போது நமது ரேஸ் ஆபீசர் புதிய படகோட்டிகளுக்கு இரண்டு வார்த்தை அறிவுரை சொல்வார் என்று மைக்கை நீட்டிவிட்டார்.

"சொல்றேன்" என்றாள் தாட்சாயிணி. "பந்தயத்துல ஒருத்தர் தண்ணில உயுந்துட்டா மத்தவங்க பந்தயம் அங்கியே முடிஞ்சிது. திரும்பிப் போயி தூக்கணும். அது தெரியாதவன் படகுல ஏறக் கூடாது. இன்னிக்கி அஞ்சு பேர் தாண்டிப் போனீங்க. ஒருத்தர் இடிச்சிட்டுப் போனீங்க."

ஸ்ரீநாத் சிரித்தபடி மைக்கை வாங்கக் கை நீட்டினார். அவள் சேறு வழிகிற கையால் அவர் கையைத் தள்ளினாள். அவர் சட்டென்று பின்வாங்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. என்மேல வழியறது சேறு இல்ல. காலைல நீங்க பாத்ரூம்ல தண்ணி ஊத்துனீங்களே, அது. ஆறு மாசமா பிளாண்ட் ஓடல. சுவரு ஓரமாப் போயி அல்லாரும் பாத்துட்டு வாங்க."

யாரும் போகவில்லை.  பிறகு யாரோ பாட்டைப் போட்டார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்தக் குழாயிலிருந்து நூறு அடியில் உட்கார்ந்து கோழிக்கால் கடித்துச் சாப்பிட்டார்கள். அவளுக்கு ஏரித் தண்ணீர் தொண்டையில் போனபோதுகூட அத்தனை குமட்டவில்லை.

மறுநாள் மாலை ஜெபாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடுமையான காய்ச்சல். ஆறு நாள் படுக்கையில் இருந்தாள். தாட்சாயிணிக்குக் காதில் சீழ் வைத்தது, உடம்பெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் அவள் லோகநாதனின் ஆட்டோவில் போய் ஜெபாவைப் பார்த்தாள். பந்தலில் பேசியதைக் கேள்விப்பட்டு ஜெபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் ஒருத்திதான் வாயைத் திறந்தீர்கள் அக்கா என்றாள்.

அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். தாட்சாயிணி அதற்காகத்தான் போனாளோ என்று பின்னால் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. ஆனால் அந்தப் பிடி அவளுக்குக் கூசியது.

"எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும் ஜெபா. நீ கேட்டியே, அன்னிக்கே தெரியும். சொன்னா பந்தயம் நின்னுடும். எனக்குப் படகு உடணும்னு இருந்துச்சி. அதான் சொல்லல. மிதவய நவுத்துனதயும் பாத்துட்டுத்தான் விசில் ஊதுனேன்."

ஜெபா கையை எடுத்துக்கொண்டாள். 

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் ஒருவேளை இறங்கியிருப்பேன்" என்றாள். "ஆனா அத நானில்லா முடிவு செய்திருக்கணும்."

தாட்சாயிணி எழுந்துகொண்டாள். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் லோகநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டியைக் கிளப்பவில்லை. நம் பெண்கள் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தால் சொல்லியிருப்பாயா என்று மட்டும் கேட்டான். சொல்லியிருப்பேன் என்றாள். அந்தப் பதில்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் அசிங்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஜெபா இரண்டு காரியம் செய்தாள். இடித்ததற்காகப் பந்தய விதிப்படி எழுத்தில் ஒரு முறையீடு கொடுத்தாள். அதை விசாரித்த மூவரும் ஸ்ரீநாத்தின் ஆட்கள். ஜாலிக்காக நடந்த பந்தயத்தில் முறையீடு எதற்கு என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். கோப்பை ஸ்ரீநாத் வீட்டு அலமாரிக்கே போயிற்று. இரண்டாவது, கழிவுநீர் பற்றி அதிகாரிகளுக்குப் புகார். அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போடத் தாட்சாயிணியை அழைத்தாள். தனக்கு எந்தத் தேதியில் தெரியவந்தது என்பதையும் சேர்த்தே தாட்சாயிணி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தேவராஜ் நிலையத்தின் பதிவேட்டைப் படமெடுத்துக் கொடுத்தான்.

அதிகாரிகள் வந்தார்கள். மோட்டார் ஒரே வாரத்தில் மாறியது. அந்தக் குழாயின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். ஆறு மாதம் முடியாத வேலை ஆறு நாளில் முடிந்ததைப் பார்த்தபோது தாட்சாயிணிக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தேவராஜை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், முத்தாபுதுப்பேட்டைப் பக்கம். தாட்சாயிணியின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிந்தது, நீட்டிக்கவில்லை. 'ஏரியைக் காத்த நமது தலைவர்' என்று ஸ்ரீநாத் படத்தோடு அடுக்கக வாசலில் ஒரு பேனர் கொஞ்சநாள் தொங்கியது.

ஜெபா அதற்குப் பிறகு அவளுக்குப் போன் செய்யவில்லை. ஒருமுறை திருவேற்காட்டில் காய்கறி வாங்கும்போது பார்த்தார்கள். ஜெபா மரியாதையாக நலம் விசாரித்தாள். இப்போது ஞாயிறுதோறும் கடலுக்குப் போய்ப் படகு கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். நீங்களும் வாருங்கள் என்று சொல்லவில்லை. தாட்சாயிணியும் எதிர்பார்க்கவில்லை.

அவள் இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் நீச்சல்குளத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் காலையில் குளத்துத் தண்ணீர் லேசாகப் பச்சை பிடித்திருந்தது. சோதித்துப் பார்த்தாள், குளோரின் அளவு சரியில்லை. மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்க நாற்பது பெண்கள் உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். சோதனைக் குழாயை அவர்கள் கண்ணெதிரே தூக்கிக் காட்டி, தண்ணி சரியில்ல, இன்னிக்கி வகுப்பு கெடையாது, கெளம்புங்க என்றாள். முதல்வர் கூப்பிட்டு, போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது இப்படியா என்று திட்டினார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. திரும்பி வந்து வடிகட்டி இயந்திரத்தைப் போட்டுவிட்டு, அது ஓடி முடிகிறவரை குளத்தின் கதவைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.